ஆரி: ஒரு கொக்கி ஊசியின் வரலாறு

ஆரி என்பது முனைக்குச் சற்று மேலே சிறு கொக்கி வெட்டப்பட்டு, மரப்பிடி பொருத்தப்பட்ட மெல்லிய ஊசி. இந்த ஊசியால் துணியின் மேல் செய்யப்படும் பூத்தையல் (எம்பிராய்டரி) ஆரி வேலை எனப்படுகிறது. இன்று தமிழ்நாட்டில் திருமண ரவிக்கை என்ற பேச்சு எழுந்தாலே அடுத்த சொல்லாக ஆரி வந்துவிடுகிறது. பெருநகரத் துணிக்கடைத் தெருக்களில் மட்டுமல்லாமல், சிற்றூர்த் தையற்கடைப் பலகைகளிலும் ‘ஆரி ஒர்க்’ என்ற சொல்லைக் காணலாம். இரண்டு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் இந்தச் சொல் புழங்கியதில்லை.

பட்டு ரவிக்கையின் முதுகில் மயிலையும் யானையையும் தைக்கும் இந்த ஊசி தோல் வேலையிலிருந்து வந்தது. செருப்பும் சேணமும் தைத்த மக்களின் கருவி அது. குஜராத்தின் மோச்சி சமூகத்தவர் அதைத் துணிக்குக் கொண்டுவந்தனர். அவர்களின் வேலை முகலாய அரசவைக்கும் இங்கிலாந்தின் பிரபு மாளிகைகளுக்கும் சென்றது. ஐரோப்பாவில் இதே கொக்கி ஊசி வேறு பெயரில் பரவியது. அதன் அசைவைப் பின்பற்றித் தையல் இயந்திரம் ஒன்றும் உருவானது. பூத்தையல் வரலாற்றில் பொதுவாக அரச குடும்பங்களும் வடிவங்களும் பேசப்படுகின்றன. கருவியைப் பின்தொடர்ந்தால் கிடைப்பது சற்று வேறான வரலாறு.

பெயர்

சமஸ்கிருதத்தில் ‘ஆரா’ என்பது தோலைத் துளைக்கும் ஊசியைக் குறிக்கும் சொல். அமரகோசம் அதை அந்தப் பொருளிலேயே பதிவு செய்கிறது. குஜராத்தி, இந்தி முதலிய மொழிகளில் வழங்கும் ஆர், ஆரி ஆகிய சொற்கள் அதன் வழி வந்தவை. மோச்சி என்ற சமூகப் பெயரும் காலணியைக் குறிக்கும் பழைய பாரசீகச் சொல்லோடு உறவுடையது. ஆக, கருவியின் பெயர், செய்தவரின் பெயர் இரண்டிலுமே தோல் இருக்கிறது.

தெருமுனையில் செருப்புத் தைப்பவரின் கையைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அவர் தன் குத்தூசியைத் தோலின் மேலிருந்து இறக்குகிறார். அடியில் இடக்கை நூலைக் கொடுக்கிறது. ஊசியின் வெட்டில் நூல் மாட்டிக்கொண்டு மேலே வருகிறது. ஆரி வேலையின் அடிப்படை அசைவு இதுவே. தோலுக்குப் பதில் பட்டு, தடித்த மெழுகு நூலுக்குப் பதில் முறுக்கற்ற பட்டு இழை, பெரிய ஊசிக்குப் பதில் மயிரிழை போன்ற கொக்கி. மாற்றம் அளவில்தான்.

தெலுங்கு வழங்கும் பகுதிகளில் இதே வேலைக்கு ‘மக்கம்’ என்று பெயர். மக்கம் என்றால் தறி. துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தை வைத்து வந்த பெயர் அது. சென்னையிலும் இந்தப் பெயரைக் கேட்கலாம்.

தையலின் அமைப்பு

ஆரியால் உருவாவது சங்கிலித் தையல். துணியை நான்கு பக்கமும் இழுத்துச் சட்டத்தில் கட்டுகிறார்கள். வட இந்தியாவில் அந்தச் சட்டத்துக்கு அட்டா என்று பெயர். வலக்கை ஊசி துணியின் மேலே இருக்கும். இடக்கை நூலோடு துணியின் அடியில் இருக்கும். குத்தி இறங்கும் கொக்கி நூலைப் பிடித்து ஒரு வளையத்தை மேலே இழுக்கிறது. அந்த வளையத்தின் உள்ளேயே ஊசி மீண்டும் சிறிது தள்ளி இறங்கி அடுத்த வளையத்தை இழுக்கிறது. முதல் வளையத்தை இரண்டாவது பிடித்துக்கொள்கிறது, இரண்டாவதை மூன்றாவது. குத்தும்போதும் எடுக்கும்போதும் ஊசியை விரல்களுக்கிடையே சற்றுத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கொக்கி துணியின் இழையையும் சேர்த்துப் பிடித்துக் கிழித்துவிடும். பயிற்சி என்பது பெரும்பாலும் இந்தத் திருப்பலைக் கையில் ஏற்றுவதுதான்.

சங்கிலித் தையலைச் சாதாரண ஊசியாலும் போடலாம். ஆனால் காதுள்ள ஊசியில் ஒரு முழம் நூலைக் கோத்தால், ஒவ்வொரு குத்துக்கும் மீதமுள்ள நூல் முழுவதும் துணியின் வழியாகப் போய்வர வேண்டும். பட்டு இழை உராய்ந்து மங்கும். நூல் தீர்ந்தால் முடிந்து மறுபடி கோக்க வேண்டும். ஆரியில் நூல் கண்டிலிருந்து நேராக வருகிறது, தேவையான வளையம் மட்டும் மேலே எழுகிறது. அதனால் வேகம் கூடுகிறது, பட்டின் மினுக்கும் கெடுவதில்லை. விற்பனைக்காக வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டும் முக்கியம்.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. அரிசி மூட்டையின் வாய்த்தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் அவிழ்ந்துவரும். அதுவும் சங்கிலித் தையலே. ஆரி வேலையிலும் கடைசி வளையத்தைச் சரியாக முடியாவிட்டால் இதுதான் நேரும்.

வடிவத்தைத் துணிக்கு மாற்றும் முறை பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. தாளில் வரைந்த கோட்டின் மேல் நெருக்கமாக ஊசித் துளைகள் இடுகிறார்கள். தாளைத் துணியின் மேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியையோ நீலத்தையோ தேய்க்கிறார்கள். துளைகள் வழியே புள்ளிக்கோடு விழுகிறது. ஒரு தாள் பல துணிகளுக்கு உதவும். வட இந்தியக் கைவினைஞர்கள் இதைக் காக்கா என்பர், தமிழ்நாட்டில் ட்ரேஸிங் என்பர்.

கொக்கிக்கு முந்திய சங்கிலி

சங்கிலித் தையல் மோச்சிகளின் கண்டுபிடிப்பு அல்ல. சீனாவின் ஹூபே மாநிலத்தில் மாஷான் என்னுமிடத்தில் 1982-ல் திறக்கப்பட்ட கல்லறையில், கிறிஸ்துவுக்கு மூன்று நான்கு நூற்றாண்டுகள் முந்திய பட்டாடைகள் கிடைத்தன. அவற்றில் நாகங்களும் பறவைகளும் சங்கிலித் தையலில் நிறைந்திருக்கின்றன. அவை காதுள்ள ஊசியால் தைத்தவை. கட்ச் பகுதியின் ரபாரி, ஆகிர் பெண்களும் சங்கிலித் தையலைச் சாதாரண ஊசியால்தான் போடுகிறார்கள். தங்களுக்காகவும் மகளின் சீருக்காகவும் பெண்கள் வீட்டில் தைத்தது ஊசி வேலை. ஆண்கள் பட்டறையில் அமர்ந்து பிறருக்காகக் கூலிக்குத் தைத்தது ஆரி வேலை. கட்சில் இந்தப் பிரிவு நெடுங்காலம் தெளிவாக இருந்தது. இரண்டையும் ‘கட்ச் எம்பிராய்டரி’ என்று ஒரே பெயரில் அடைக்கும் இன்றைய வழக்கம் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மோச்சிகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கடற்கரைகளைக் கடந்து சென்ற மார்க்கோ போலோ, குஜராத்தில் செய்யப்படும் தோல் விரிப்புகளை வியந்து எழுதியிருக்கிறார். சிவப்பும் நீலமுமான தோலில் பறவைகளும் விலங்குகளும் பொன், வெள்ளி இழைகளால் தைக்கப்பட்டிருந்தன என்றும், அவை அரேபிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின என்றும் அவர் குறிப்பிடுகிறார். பூத்தையல் துணிக்கு வருவதற்கு முன்பே தோலில் முதிர்ந்திருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. மோச்சிகளின் கைக்குத் துணி புதிது, தையல் பழையது. சிந்துப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் கைவினைஞர் ஒருவரிடம் இந்த வேலையைக் கற்றதாகக் கட்ச் மோச்சிகளிடையே வழிவழிச் செய்தி ஒன்றும் உண்டு. சிந்தும் கட்சும் அருகருகே இருப்பவை. தோல் வேலையும் பூத்தையலும் அங்கு எல்லை பார்க்காமல் நடமாடியவை.

அக்பரின் காலத்தை விவரிக்கும் ஆயினி அக்பரி, லாகூர், ஆக்ரா, பதேப்பூர், அகமதாபாத் ஆகிய நகரங்களின் அரசுப் பட்டறைகளைப் பேசுகிறது. குஜராத்தின் கைவினைஞர்கள் முகலாய அரசின் உடைத் தேவையோடு இணைந்தது அந்தக் காலத்தில். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1620–30 அளவில் செய்யப்பட்ட வேட்டை அங்கி ஒன்று இருக்கிறது. வெண்ணிற சாட்டின் துணியில் பூச்செடிகளும் மரங்களும் பாறைகளும் பாயும் விலங்குகளும் மிக நுண்ணிய சங்கிலித் தையலில் நிறைந்துள்ளன. சிறிது விலகி நின்று பார்த்தால் தூரிகை ஓவியம் என்றே தோன்றும். சங்கிலித் தையலின் சிறப்பே இதுதான். அது கோடாகவும் ஓடும், வரிசை வரிசையாக நெருங்கிப் பரப்பையும் நிரப்பும், வளைவில் உடையாது. ஓவியர் வரைந்ததைத் தைப்பவர் அப்படியே பின்தொடர முடியும்.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் கடக்க முடியாது. தோலைத் தொடும் தொழில் இந்தியா முழுவதும் இழிவாகக் கருதப்பட்டது. செருப்பு தைத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம், அதே ஊசி வேலையிலிருந்து வந்த பட்டுப் பாவாடையையும் ரவிக்கையையும் உடுத்தியது. கட்சின் அரச குடும்பப் பெண்களும் வணிகக் குடும்பப் பெண்களும் அணிந்த மோச்சி பாவாடைகளில் மயில், கிளி, பூங்கொத்து, பெண்ணுருவம் ஆகியவை வரிசையாக வரும். கோயில் திரைகளும் தோரணங்களும் இந்த வேலையில் செய்யப்பட்டன. பூத்தையலுக்கு மாறிய மோச்சிகள் தோல் தைப்பதைக் கைவிட்டுத் தங்களைத் தனிப் பிரிவாகக் காட்டிக்கொள்ள முயன்றதும் இதனால்தான். ஒரே ஊசியின் இரண்டு பயன்களுக்கு நடுவே சமூக மதிப்பின் முழு இடைவெளியும் இருந்தது.

கடல் கடந்த விரிப்புகள்

போர்த்துக்கீசியர் வந்த பதினாறாம் நூற்றாண்டிலேயே காம்பே துறைமுகத்தின் பூத்தையல் விரிப்புகள் ஐரோப்பியப் பயணிகளின் கண்ணில் பட்டன. காம்பே வளைகுடா தூர்ந்தபோது வணிகம் சூரத்துக்கு நகர்ந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்தில் கால் ஊன்றியபின் குஜராத்தின் பூத்தையல் கட்டில் விரிப்புகளும் திரைகளும் லண்டனுக்குப் போயின. வங்காளத்தின் சாத்காவ் பகுதியிலிருந்தும் தசர்ப் பட்டில் தைத்த மெத்தை விரிப்புகள் லிஸ்பனுக்குச் சென்றன. அவை தனி மரபு.

குஜராத் வேலையில் இன்று மிகவும் பேசப்படுபவை இங்கிலாந்தின் ஆஷ்பர்னம் குடும்பத்திடம் இருந்த கட்டில் திரைகள். 1700-ஐ ஒட்டிக் குஜராத்தில் தைக்கப்பட்டவை. வெள்ளைப் பருத்தித் துணியில் வளைந்தெழும் மரக்கிளைகளும் கற்பனைப் பூக்களும் பட்டு நூல் சங்கிலித் தையலில் இருக்கின்றன. இந்த வடிவம் முழுதும் இந்தியாவுடையதல்ல. சீனம், பாரசீகம், ஆங்கிலேயக் கம்பளி நூல் பூத்தையல் ஆகியவை கலந்த ஒரு வணிக வடிவம் அது. இதே பூமரம்தான் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளிலும் சாயத்தில் வரையப்பட்டு ஏற்றுமதியானது. மசூலிப்பட்டினத்துச் சாயக்காரரும் குஜராத் மோச்சியும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஐரோப்பியச் சந்தை.

அருங்காட்சியகக் குறிப்பு இத்தகைய துணிகளுக்குத் தருவது இடமும் காலமும்தான். ‘குஜராத், ஏறத்தாழ 1700’ என்று இருக்கும். வாங்கிய குடும்பத்தின் பெயர் துணியின் பெயராகவே ஆகிவிட்டது. தைத்தவர்களின் பெயர் இல்லை.

தம்பூர்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கொக்கி ஊசி ஐரோப்பியர் கைக்கு வந்தது. வட்டச் சட்டத்தில் துணி முரசுத் தோல்போல இறுகி நின்றதால் பிரெஞ்சுக்காரர்கள் அதை முரசு என்ற பொருளில் ‘தம்பூர்’ என்றனர். எந்த வழியாக வந்தது என்பதற்குப் பல செய்திகள் உண்டு. இந்தியா, சீனா, துருக்கி என்று மூன்றும் சொல்லப்பட்டன. லியோன் நகரில் துருக்கியப் பெண்கள் இந்த வேலை செய்வதைக் கண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் வணிகர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனதாக அங்கு ஒரு மரபுச் செய்தி இருக்கிறது. ஒட்டோமான் நாடுகளிலும் கொக்கித் தையல் வழக்கில் இருந்ததால் ஒரே ஒரு வழியைப் பிடிவாதமாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஐரோப்பியச் சந்தையில் இந்தத் தையலுக்கு ஆசையை வளர்த்தவை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருந்த குஜராத் துணிகள் என்பதில் ஐயமில்லை.

பதினைந்தாம் லூயி மன்னரின் காதலியும் அரசவையில் பெரும் செல்வாக்குடையவருமான மதாம் தெ பொம்பதூரை ஃபிரான்சுவா உபெர் துருவே வரைந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. 1763-ல் தொடங்கி, பொம்பதூர் இறந்தபின் 1764-ல் முடிக்கப்பட்டது. அதில் அவர் தம்பூர் சட்டத்தின் முன் அமர்ந்து வேலையை நிறுத்தி நம்மைப் பார்க்கிறார். அருகில் சிறு நாய். ஓய்வுநேரப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட பண்பட்ட சீமாட்டி என்பதே ஓவியம் தரும் சேதி. அதே கொக்கி குஜராத்தில் செருப்புத் தைக்கும் குலத்தின் அடையாளம் என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஓவியத்தைப் பார்ப்பது நல்லது. 1770-ல் அரசரின் பூத்தையல் வடிவமைப்பாளரான சார்ல் ஜெர்மேன் தெ சேந்த் ஓபேன் தன் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் தம்பூர் வேலைக்கும் இடம் தந்தார். அப்போது அது பிரான்சுக்குப் புதிய கலை.

சீமாட்டிகளின் விளையாட்டாக அது நெடுநாள் இருக்கவில்லை. வேகமாக வேலை முடியும் என்பதால் உடனே தொழிலாயிற்று. லூயீஜி ருஃபினி என்ற இத்தாலியர் 1782-ல் எடின்பரோவில் தம்பூர் பட்டறை தொடங்கிச் சிறுமிகளைப் பயிற்றுவித்தார். கிளாஸ்கோ, பெய்ஸ்லி வட்டாரத்தில் மெல்லிய மஸ்லின் துணியில் பூவேலை செய்ய ஏழைக் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் அமர்த்தப்பட்டனர். அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1829-ல் சார்லஸ் வாக்கர் தொடங்கிய வேலைக்கூடத்தில், இயந்திரத்தில் நெய்த வலைத்துணியின் மேல் பெண்கள் கொக்கியால் பூ இட்டனர். ‘லிமெரிக் லேஸ்’ என்ற புகழ்பெற்ற பொருள் அது. பெயர் லேஸ் என்றாலும் தொழில்நுட்பம் ஆரிதான்.

குஜராத்தில் ஆண்கள் பட்டறையில் செய்த வேலை ஐரோப்பாவில் சிறுமிகளின் கூலி வேலை ஆயிற்று. கூலி குறைவாக இருக்கும் கைகளை நோக்கியே இந்த ஊசி ஒவ்வொரு முறையும் நகர்ந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இயந்திரம்

ஒரே நூல், ஒரே கொக்கி, ஒரே திரும்பத் திரும்ப வரும் அசைவு. இயந்திரமாக்க இதைவிட எளிய தையல் இல்லை. கிளாஸ்கோவின் ஜான் டங்கன் 1804-ல் பல கொக்கிகளை ஒன்றாக இயக்கும் தம்பூர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

அதைவிட முக்கியமானவர் பார்தெலெமி திமோனியே. பிரான்சைச் சேர்ந்த தையற்காரரான இவர் தாரார் வட்டாரத்து மஸ்லின் பூத்தையல் வேலையை அறிந்தவர். கொக்கி ஊசி இறங்கி வளையத்தோடு எழும் அசைவை மரச்சட்டத்தில் மிதியோடு இணைத்து 1830-ல் காப்புரிமை பெற்றார். பாரிசில் எண்பது இயந்திரங்கள் படைவீரர் சீருடைகளைத் தைத்தன. 1831-ல் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அந்தக் கூடத்தில் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். திமோனியே 1857-ல் வறுமையில் இறந்தார். நடைமுறையில் வேலைக்கு வந்த முதல் தையல் இயந்திரங்களில் ஒன்று அவருடையது. அதன் ஊசியில் காது இல்லை, கொக்கிதான் இருந்தது. தையல் இயந்திரத்தின் வரலாற்றை எலியாஸ் ஹோவ், ஐசக் சிங்கர் ஆகியோரிடம் தொடங்குவது பழக்கமாகிவிட்டது. இரண்டு நூல் பூட்டுத் தையல் பின்னால் வெற்றி பெற்றதால் வந்த பழக்கம் அது.

1865-ல் பொனாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் சங்கிலித் தையல் பூவேலைக்கென்றே இயந்திரம் அமைத்தார். மேசைக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் தையல் எந்தத் திசையிலும் வளைந்து ஓடும். கோர்னெலி நிறுவனம் அதைப் பரப்பியது. கைத்தையலைப் பெரும்பாலும் அப்படியே ஒத்திருந்ததால், சங்கிலித் தையலில் கையா இயந்திரமா என்று கண்டுபிடிப்பது அன்று முதல் சிக்கலாயிற்று. காஷ்மீரில் கம்பளி நூலால் செய்யும் ஆரித் திரைச்சீலைகளும் நம்தா விரிப்புகளும் இன்று இதே சிக்கலில்தான் இருக்கின்றன. இயந்திர வேலை கைவேலை என்ற பெயரில் விற்கப்படுகிறது. கைத்தையலில் வளையங்களின் நீளம் சிறிது மாறிக்கொண்டே இருக்கும், வளைவுகளில் குத்துகள் நெருங்கும். இயந்திரத்தில் எல்லா வளையமும் ஒரே அளவு. பழகிய கண்ணுக்கு இது போதும், வாங்க வரும் சுற்றுலாப் பயணிக்குப் போதாது.

மணிகள் காத்த கைவேலை

இயந்திரம் வந்தபின் கொக்கி ஊசி ஐரோப்பாவில் அழிந்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியவை கண்ணாடி மணிகளும் சமிக்கிகளும். லொரேன் பகுதியின் லூனவில் நகரில் 1860-களில் தம்பூர் கொக்கியால் மணி தைக்கும் முறை உருவாயிற்று. மணிகளை முதலில் நூலில் கோத்துக்கொள்வார்கள். துணியின் பின்பக்கம் மேலே இருக்கும்படி கட்டி, அடியிலுள்ள நூலை ஒவ்வொரு மணிக்கும் ஒரு குத்தாகப் பிடித்துக்கொண்டே போவார்கள். தைப்பவர் கண்ணுக்குத் தெரிவது சங்கிலி மட்டும். மணிகள் அடியில், அதாவது ஆடையின் முகப்பில், அமைந்துகொண்டிருக்கும். 1920-களின் மணி நிறைந்த நடன உடைகள் இந்த முறையால்தான் சாத்தியமாயின.

இந்திய முறை வேறு. இங்கே முகப்பு மேலே இருக்கிறது. தைப்பவர் ஊசி முனையாலேயே மணிகளை அள்ளி ஊசித் தண்டில் ஏற்றிக்கொள்கிறார். கொக்கி எடுத்துவரும் வளையத்தின் மேல் ஒவ்வொரு மணியாக வழுக்கி இறங்குகிறது. வேலை எப்படி வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம். தங்க, வெள்ளிச் சரிகையும் சுருள் கம்பியும் வைக்கும் ஜர்தோசி வேலை பெரும்பாலும் சாதாரண ஊசியால் செய்யப்படுவது. ஆனால் இரண்டும் ஒரே அட்டாவில் நடப்பதால் லக்னோ, பரேலி போன்ற ஊர்களின் கைவினைஞர்கள் இரண்டையும் கற்றிருப்பார்கள். ஒரு ரவிக்கையிலேயே இரண்டும் வருவது இயல்பு.

பாரிசில் 1858 முதல் இயங்கிய மிஷோனே பூத்தையல் கூடத்தை 1924-ல் வாங்கிய லெசாஜ் குடும்பம் உயர்நிலை உடை உலகின் பெரும் பெயராக வளர்ந்தது. 2002-ல் ஷனெல் நிறுவனம் அதை வாங்கியது. அந்தக் குடும்பத்தின் ஜான் ஃபிரான்சுவா லெசாஜ் 1993-ல் பூத்தையல் கூடம் அமைத்த இடம் சென்னை. ‘வஸ்திரகலா’ என்ற அந்த நிறுவனம் தமிழ்நாட்டுக் கைவினைஞர்களைக் கொண்டு மாளிகைகளுக்கும் வீட்டு அலங்காரத்துக்குமான துணிகளைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. 2023 மார்ச்சில் தியோர் நிறுவனம் மும்பையின் இந்திய நுழைவாயில் முன் உடைக்காட்சி நடத்தியபோது அங்கிருந்த பூத்தையலுக்குப் பின்னால் மும்பைக் கைவினைக்கூடம் ஒன்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னது. அதுவரை ஐரோப்பியப் பெருநிறுவனங்களின் ஆடைகளில் இந்தியக் கைகளின் பங்கு பெரிதாக வெளியே பேசப்பட்டதில்லை.

கட்சில் மோச்சி பூத்தையல் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ நின்றே போயிற்று. சமஸ்தானங்கள் மறைந்தபின் வாங்க ஆளில்லை. வணிகக் குடும்பங்களின் உடை மாறிற்று. அண்மைக்காலத்தில் ஒருசிலர் பழைய துணிகளைப் பார்த்து மீண்டும் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் சொந்தப் பூத்தையல்களில் ஆரி இல்லை. நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி வேலை இழைகளை எண்ணித் தைப்பது, வரைந்த வடிவமே இல்லாதது. அது 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. தஞ்சை வட்டாரத்தின் தேர்த் தொம்பைகள் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைப்பவை. ஆரி வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்களோடும் திரைப்பட, திருமண உடைச் சந்தையோடும் இங்கு வந்தது.

வந்தபின் நிகழ்ந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. வடக்கில் பெரும்பாலும் ஆண்களின் பட்டறைத் தொழிலாக இருந்தது, இங்கே பெண்களின் வீட்டுத் தொழிலாயிற்று. குறுகியகாலப் பயிற்சி வகுப்புகள் ஊர்தோறும் நடக்கின்றன. மகளிர் குழுக்களுக்கான திறன் பயிற்சிகளில் ஆரிக்கு இடம் உண்டு. யூடியூப் பார்த்தே கற்றவர்களும் ஏராளம். நால்வர் சுற்றி அமரும் நீண்ட அட்டாவின் இடத்தில் ஒருவர் மட்டும் அமரும் சிறிய மரச்சட்டமும் வட்டச் சட்டமும் வந்துவிட்டன. சமைத்து முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் சட்டத்தின் முன் அமர்ந்து மாலைக்குள் எழுந்துவிட முடிகிற வேலை என்பதால்தான் இது பரவியது. சொற்களும் மாறின. லோடிங், கட் பீட்ஸ், சுகர் பீட்ஸ், குந்தன் கல், பிரெஞ்சு நாட் ஆகிய எல்லாம் ‘ஆரி’ என்ற ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. பிரெஞ்சு முடிச்சு உண்மையில் காதுள்ள ஊசியால் போடுவது. வாடிக்கையாளருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

விலைதான் கடினமான பகுதி. கழுத்திலும் கையிலும் நிறைய வேலையுள்ள மணப்பெண் ரவிக்கைக்குக் கடையில் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அதில் துணி, மணி, சரிகை, ட்ரேஸிங், தையற்கூலி, கடைக்காரரின் பங்கு ஆகியவை போக, சட்டத்தின் முன் நாட்கணக்கில் குனிந்திருந்தவருக்குக் கிடைப்பது வேலையின் அளவைப் பார்த்துப் பேசிய கூலி. எடுத்துக்கொண்ட நேரம் கணக்கில் வருவதில்லை. பக்கத்துக் கடையில் கணினி எம்பிராய்டரி இயந்திரம் சில மணி நேரத்தில் அதே மயிலைத் தைத்துத் தருகிறது. அந்த விலையைச் சொல்லியே பேரம் தொடங்குகிறது. முகூர்த்த மாதங்களில் இரவும் வேலை, ஆடியிலும் மார்கழியிலும் ஊசி சும்மா கிடக்கும். கழுத்து வலியும் கண் எரிச்சலும் இந்த வேலையில் பரவலாகச் சொல்லப்படும் குறைகள்.

தனியாகவே ஆர்டர் எடுக்கத் தொடங்கிய பெண்கள் இந்தக் கணக்கைச் சிறிது மாற்றியிருக்கிறார்கள். தாங்கள் தைத்த ரவிக்கையைப் படமெடுத்து வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தங்கள் பெயரோடு போடுகிறார்கள். கட்டில் திரையில் கிடைக்காத தைப்பவரின் பெயர் இங்கே படத்தின் ஓரத்தில் கைபேசி எண்ணோடு இருக்கிறது. அந்தப் படத்தை வேறொருவர் வெட்டியெடுத்துத் தன் வேலை என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சிலர் பெயரை ஓரத்தில் எழுதாமல் மயிலின் நடுவிலேயே எழுதுகிறார்கள்.